முழங்கால் வலிக்கிறது, தலை சுற்றுகிறது: நடனக் குழுவில் சேரலாமா?

வாசகர் கேள்வி – பதில் அளிப்பவர்: மூட்டு மற்றும் மறுவாழ்வு மருத்துவர்

ஜெர்மனியில் ரேகன்ஸ்புர்க் நகரில் வசிக்கும் 52 வயது வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

மதுரைப் பக்கம் பிறந்தவர். சிறு வயதில் ஐந்தாண்டு பரதம் கற்றார், திருமணத்தோடு நின்றுபோனது. இப்போது ஒரு பேக்கரிக் கடையில் பகுதிநேர வேலை, முழுக்க நின்றபடி. ரத்த அழுத்தத்துக்குத் தினமும் அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறார். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண்மணி, செவ்வாய்க்கிழமை மாலைகளில் நடக்கும் நாட்டுப்புற நடன வகுப்புக்கு இவரை அழைத்துப் போயிருக்கிறார். முதல் ஒரு மணி நேரம் சந்தோஷமாகப் போனது. பிறகு அக்கார்டியன்காரர் 'ஸ்வீஃபாக்கர்' என்ற சுழல் நடனத்துக்கு வாசிக்க, யாரோ ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுற்ற, பாதிப் பாட்டில் கூடமே சுழன்றது. பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சுற்றல் அரை நிமிடத்தில் அடங்கியது, குமட்டல் பத்து நிமிடம் இருந்தது. மறுநாள் மாடிப்படி இறங்கும்போது வலது முழங்காலின் முன்பக்கம் வலி, மூன்றாம் நாள் இல்லை. அன்று காலில் இருந்தது ஓட்டப் பயிற்சிக்கான ரப்பர் ஷூ.

"இந்த வயசுல விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா இன்சூரன்ஸும் தராது, சம்பளமும் போயிடும்" என்கிறார் கணவர். கையில் உறுப்பினர் படிவம் இருக்கிறது. ஆயிரம் யூரோவுக்கு மேல் பாரம்பரிய உடை வாங்க வேண்டியிருக்குமோ, கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வோமோ, அறிமுகமில்லாத ஆண்களோடுதான் ஆட வேண்டுமோ என்று பயம். ஜூலையில் குழு மியூனிக்கின் கோஹெர்ல்பால் விழாவுக்குப் போகிறது, அதற்குள் தயாராக முடியுமா என்றும் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

சேரலாம். ஆனால் படிவத்தில் இப்போதே கையெழுத்துப் போட வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஸ்வீஃபாக்கர் பக்கம் போகவும் வேண்டாம். அன்று நடந்ததை எல்லாம் நீங்கள் 'வயசு' என்ற ஒரே கணக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வயதின் பங்கு அதில் கொஞ்சம்தான். பெரிய பங்கு ஷூவுக்கும், ஆட்டங்கள் வந்த வரிசைக்கும், பெஞ்சில் நீங்கள் உட்கார்ந்த விதத்துக்கும்.

தலை ஏன் சுற்றியது

உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றுக்குள் திரவம். உடம்பு சுற்றினால் திரவமும் மெல்ல அதே திசையில் ஓடப் பழகிக்கொள்கிறது. நீங்கள் நின்ற பிறகும் அது உடனே நிற்காது. கால் தரையில் நிற்கிறது என்று கண் சொல்கிறது, இன்னும் சுற்றுகிறோம் என்று காது சொல்கிறது. இந்தச் சண்டைதான் கிறுகிறுப்பு. ஆரோக்கியமான இருபது வயதுப் பெண்ணுக்கும் இதே நடக்கும். அரை நிமிடத்தில் அடங்கியது என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு ஆறுதல் தரும் செய்தி.

இப்போது ஆட்டத்தின் கணக்குக்கு வருவோம். ஸ்வீஃபாக்கர் உங்கள் ஓபர்பால்ஸ் வட்டாரத்தின் செல்லப்பிள்ளை. மூன்றடித் தாளமும் இரண்டடித் தாளமும் ஒரே பாட்டில் மாறி மாறி வரும். மூன்றில் வால்ஸ் அடி, இரண்டில் 'டிரேயர்' என்ற சுழலடி. வால்ஸில் ஒரு முழுச் சுற்றுக்கு ஆறு அடி. டிரேயரில் இரண்டே அடி. அதாவது தாளத்தின் வேகம் கூடாமலே சுற்றும் வேகம் மட்டும் திடீரென மூன்று மடங்காகிறது, மறுபடி குறைகிறது, மறுபடி ஏறுகிறது. காதுக்கு இதைவிடக் கடினமான சோதனையை அந்த மாலையில் வேறு எந்த ஆட்டமும் தந்திருக்காது. புதிதாக வந்தவரை அதில் இழுத்துவிட்டவர் நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார், ஆனாலும் அது சரியில்லை.

இரண்டாவது, தலையைக் கவிழ்த்தது. சுற்றி நின்ற கையோடு தலையைக் குனிந்தால், ஓடிக்கொண்டிருக்கும் திரவத்தின் தளமே மாறுகிறது. மூளைக்குக் குட்டிக்கரணம் அடிப்பது போலத் தோன்றும், குமட்டல் கூடும். அடுத்த முறை உட்காராதீர்கள். ஜோடியின் கையைப் பிடித்தபடியே நிமிர்ந்து நின்று, சுவரில் அசையாத ஒரு பொருளைப் பத்து மூச்சு பாருங்கள். கிறுகிறுப்பு போன பிறகு நடந்து போய் உட்காரலாம்.

சுற்றும்போது கண்ணை எங்கே வைப்பது என்பதையும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். சுவரையும் விளக்கையும் பார்த்தால் அவை ஓடும். ஜோடியின் முகமோ தோளோ உங்களோடு சேர்ந்தே சுற்றுகிறது, அது மட்டுந்தான் அந்த நேரத்தில் அசையாத பொருள். அவர் நெற்றியைப் பாருங்கள். தரையைப் பார்க்கவே வேண்டாம்.

பீர் பற்றி ஒரு வார்த்தை. சாராயம் காதுத் திரவத்தை விட வேகமாக, அதில் மிதக்கும் உணர்வுச் சவ்வுக்குள் ஊறிவிடும். சவ்வின் எடை மாறி, சும்மா படுத்திருந்தாலே உலகம் சுற்றும். நடன மாலையில் உங்களுக்கு ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஷோர்லெ போதும், அதை யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

மாத்திரையையும் கவனிக்க வேண்டும். அம்லோடிபின் சிலருக்குக் கிறுகிறுப்பைத் தரும், கணுக்காலை வீங்கவும் வைக்கும். வீட்டில் ரத்த அழுத்தக் கருவி இருந்தால் ஐந்து நிமிடம் படுத்திருந்து அளந்து, எழுந்து நின்று முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் அளங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் குடும்ப மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

எப்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்? படுக்கையில் புரளும்போது சில விநாடி உலகம் சுழன்றால், காதுக்குள் இருக்கும் நுண்ணிய சுண்ணக் கற்கள் இடம் மாறியிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட நிலைகளில் திருப்பிச் செய்யும் எப்லி முறையில் பெரும்பாலும் சரியாகிவிடும், காது மூக்கு தொண்டை மருத்துவர் செய்வார். காது மந்தமானாலோ இரைச்சல் கேட்டாலோ அவரையே பாருங்கள். சுற்றலோடு பேச்சு குழறல், இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம் வந்தால் 112க்கு உடனே அழைக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை.

முழங்காலைக் கெடுத்தது ரப்பர்

ஓட்ட ஷூவின் அடிப்பாகம் வழுக்காமல் இருக்கவே செய்யப்பட்டது. மரத் தரையில் சுற்றும்போது பாதம் ஒட்டிக்கொண்டு நிற்கும், உடம்பு திரும்பிவிடும், இரண்டுக்கும் நடுவே உள்ள முழங்கால் முறுக்கை வாங்கிக்கொள்ளும். தோல் அடிப்பாகம் உள்ள ஷூ, அல்லது நடனக்காரர்கள் போடும் மெத்தென்ற சொரசொரப்புத் தோல் அடி. குதிகால் 3, 4 செ.மீ. போதும். பாதத்தின் மேல் ஒரு வார் கட்டாயம், இல்லையென்றால் ஷூவைப் பிடித்து வைக்கவே விரல்கள் மடங்கிக்கொண்டிருக்கும். மாத்திரையால் மாலையில் கால் வீங்குமானால் மாலையில் போய் வாங்குங்கள். புதிது வாங்க மனமில்லையா? பழைய தோல் ஷூ ஒன்றை ஷூ பழுதுபார்க்கும் கடையில் கொடுத்து அடிமாற்றச் சொல்லலாம். வெறும் காலுறையோடு மட்டும் ஆடாதீர்கள், அது எதிர்ப்பக்கத்து ஆபத்து.

பரதம் தெரியும், அதனால் சீக்கிரம் வந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். தாளத்துக்கு அது பெரிய துணை. காலுக்கு அல்ல. அரைமண்டியில் முட்டியை வெளிப்பக்கம் திருப்பி, முழுப் பாதத்தையும் தட்டி வைத்துப் பழகிய கால் உங்களுடையது. இங்கே முட்டி நேராக முன்னே பார்க்கும், லேசாக மடங்கித் தளர்ந்திருக்கும். பாதம் முன்பகுதியில் இறங்கி ஓசையில்லாமல் உருளும். சுற்றும்போது முட்டியை வெளியே திருப்பி, பாதத்தை அழுத்தி வைத்தால் முறுக்கு இரட்டிப்பாகும். அன்று உங்கள் காலடி சத்தமாகக் கேட்டதா என்று பக்கத்து வீட்டம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

படி இறங்கும்போது முன்பக்கம் வலித்து மூன்று நாளில் மறைந்தது பெரும்பாலும் முட்டிச் சில்லின் பின்புற உரசல்தான். சில மணி நேரத்தில் வீங்கினால், மடக்கி நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால், நடக்கும்போது திடீரென மடங்கிப் போனால் கதை வேறு. அப்போது பரிசோதனை முடியும் வரை நடனம் இல்லை.

வாரம் மூன்று நாள், ஆறு வாரம் இதைச் செய்யுங்கள்: கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பத்து பத்தாக மூன்று தடவை. குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்குவது, பதினைந்து வீதம் இரண்டு தடவை. பக்கவாட்டில் படுத்து மேல் காலை உயர்த்துவது, ஒவ்வொரு பக்கமும் பன்னிரண்டு. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் முப்பது விநாடி. பேக்கரியில் எட்டு மணி நேரம் நின்ற நாளன்று இதைச் செய்ய வேண்டாம், மறுநாள் செய்யுங்கள்.

எந்த ஆட்டம் எப்போது

மாலையைத் திறந்து வைக்கும் 'அவுஃப்டான்ஸ்' வெறும் நடைதான். ஜோடி ஜோடியாகக் கூடத்தைச் சுற்றி வந்து, பிரிந்து, சேர்ந்து, வளைவுக்குள் நுழைவது. கும்மிக்குச் சுற்றி வருவதை விடச் சிரமம் இல்லை. அதைத் தவறவிடாதீர்கள், உங்கள் மூட்டுக்கு அதுதான் சூடேற்றம். தாமதமாக வந்து நேரே போல்காவில் குதிப்பவர்களுக்குத்தான் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது.

முதல் மாதம் போவாரிஷர், ஸீபன்ஷ்ரிட் போன்றவை. போவாரிஷரில் பக்கவாட்டில் ஓரடி, சேர்ப்பு, ஓரடி. திரும்பி அதே. பிறகு நாலு அடியில் இரண்டு சுற்று, உடனே மறுபடி பக்க அடி. சுற்று துண்டுதுண்டாக வருவதால் காது மூச்சு விட்டுக்கொள்கிறது. ஸீபன்ஷ்ரிட் என்றால் ஏழடி. ஏழு முன்னே, ஏழு பின்னே, மூன்றடி விலகி, மூன்றடி நெருங்கி, கொஞ்சம் சுற்று. போல்கா, ரைன்லெண்டர் ஆட்டங்களில் வரும் துள்ளலைத் தரையோடு தரையாக மிதியுங்கள். அனுபவம் உள்ளவர்கள் பலரும் அப்படித்தான் ஆடுகிறார்கள். அது குறையல்ல, அழகும் கூட.

இரண்டாம் மாதம் மெதுவான வால்ஸ். கூடம் முழுவதும் எதிர்க்கடிகார திசையில் நகரும், ஒவ்வொரு ஜோடியும் தனக்குள் கடிகார திசையில் சுற்றும். இந்த விதியை மனத்தில் பதித்தால் மோதல்கள் பாதி குறையும். வீட்டில் சமையலறையில் தினமும் ஐந்து நிமிடம்: ஆறு அடிக்கு ஒன்றாக இரண்டு சுற்று, நில், கிறுகிறுப்பு முழுக்க அடங்கட்டும், மறுபடி இரண்டு. இரண்டு எளிதான பிறகு மூன்று. மூளை இதற்குப் பழகும், இதைத்தான் நாங்கள் சிகிச்சையாகவும் கொடுக்கிறோம். பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.

லெண்ட்லர் மெதுவான மூன்றடி. கை உயர்த்தி அடியில் நுழைந்து வெளிவரும் கோலங்கள் நிறைய. இதில் தலையைவிடத் தோளும் மணிக்கட்டும்தான் பாடுபடும். ஜோடியின் விரலை இறுகப் பிடித்தால் திரும்பும்போது மணிக்கட்டு முறுகும். விரல் ஒரு அச்சு, உங்கள் கை அதன்மேல் சுழலும் வளையம், அவ்வளவு தளர்வு வேண்டும்.

ஸ்வீஃபாக்கர் நான்காம் மாதம். அதற்குள் உட்கார்ந்தபடியே அதைக் கேட்டுப் பழகுங்கள். இங்கே உங்கள் பரதம் கை கொடுக்கும். இரண்டு வால்ஸ், இரண்டு டிரேயர் என்று வரும் எளிய வகையை ஜெர்மன்காரர் எழுத்துகளைக் குறித்துவைத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறார். நீங்கள் தகிட தகிட தக தக என்று தொடையில் போட்டால் முடிந்தது. சிக்கலான வகைகளில் தக எங்கே வந்து விழும் என்பது பாட்டுக்குப் பாட்டு மாறும். அதற்கு அந்தப் பாட்டைப் பாடத் தெரிந்திருக்க வேண்டும், சொற்கள்தான் கால்களுக்கு அடையாளம். ஜெர்மனியின் உருவமற்ற பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2016இல் இது இடம்பெற்றபோது ஆட்டம், பாட்டு, வாத்தியம் மூன்றும் சேர்த்தே எடுத்துக்கொள்ளப்பட்டன.

எவ்வளவு நேரம் என்றால், முதல் நான்கு வாரம் ஓர் ஆட்டம் ஆடினால் ஓர் ஆட்டம் உட்காருங்கள். ஆடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அளவு சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் கூடிவிட்டது.

சேரப்போவது எந்தக் குழுவில்

நீங்கள் இரண்டு தனித்தனி உலகங்களை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள், உடைச் செலவுப் பயம் அங்கிருந்துதான் வருகிறது. 'டிராக்டன்ஃபெராயின்' என்பது பாரம்பரிய உடைச் சங்கம். 1883இல் பைரிஷ்செல் கிராமத்தில் யோசெஃப் ஃபோகல் என்ற ஆசிரியர் தொடங்கியதுதான் முதல் சங்கம் என்பார்கள். அங்கே வட்டாரத்துக்கே உரிய உடை, ஊர்வலம், மேடை எல்லாம் உண்டு. தொடையிலும் ஷூவிலும் அடித்து ஆடும் ஷூப்ளாட்லர் அங்கே ஆண்களின் ஆட்டம். அப்போது பெண்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? இடைவிடாமல் தன்னந்தனியே சுழல்வார்கள். உங்களுக்கு அது இப்போது வேண்டாம்.

'ஃபோல்க்ஸ்டான்ஸ்க்ரைஸ்' என்பது நடன வட்டம். ஆடுவதற்காக மட்டும் கூடுவார்கள், பயிற்சிக்குச் சாதாரண உடையே வழக்கம். விசிறும் பாவாடையோ சுடிதாரோ போதும், துப்பட்டாவை வீட்டில் வைத்துவிடுங்கள். நீங்கள் போன இடம் இந்த வகை போலத்தான் தெரிகிறது. உறுதிப்படுத்திக்கொள்ள மூன்று கேள்வி கேளுங்கள்: மேடை நிகழ்ச்சி கட்டாயமா, உடை கட்டாயமா, எத்தனை மாலை இலவசமாக வந்து பார்க்கலாம்? சங்கத்திடம் இரவல் உடை இருக்கிறதா என்பதும் கேட்கத் தகுந்ததே. ஏப்ரன் முடிச்சை இடப்பக்கம் கட்டினால் மணமாகாதவள், வலப்பக்கம் கட்டினால் மணமானவள் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னாரல்லவா, அது அண்மைக் கால வழக்கம். அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

படிவம் ஆயுள் சிறை அல்ல. சங்கத்திலிருந்து விலகும் உரிமையை ஜெர்மன் சிவில் சட்டத்தின் 39ஆம் பிரிவு தருகிறது. ஆண்டு முடிவில்தான் விலகலாம் என்றோ, முன்னறிவிப்பு வேண்டும் என்றோ சங்க விதி சொல்லலாம். அந்த முன்னறிவிப்புக் காலமும் இரண்டு ஆண்டைத் தாண்டக் கூடாது. 'ஸாட்ஸுங்' எனப்படும் விதித்தொகுப்பைக் கேட்டு வாங்கி அந்த ஒரு பத்தியை மட்டும் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். படிவத்தில் புகைப்படத்துக்கு ஒப்புதல் கேட்கும் கட்டம் தனியாக இருந்தால் அதை விருப்பம்போல் விட்டுவிடலாம்.

உங்கள் கணவர் வேலை விபத்துக் காப்பீட்டையும் மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்துக் குழப்பியிருக்கிறார். பொழுதுபோக்கில் விழுந்தால் வேலை விபத்துக் காப்பீடு வராது, அது உண்மை. ஆனால் உங்கள் அரசுசார் மருத்துவக் காப்பீடான கிராங்கன்காஸெ சிகிச்சைக்குப் பணம் கட்டும். வேலையில் சேர்ந்து நான்கு வாரம் கடந்திருந்தால் முதலாளி ஆறு வாரம் வரை சம்பளமும் தர வேண்டும், பகுதிநேர வேலைக்கும் அது பொருந்தும். நடனத்தில் கால் பிசகியது என்பதற்காக அதை மறுக்க முடியாது.

கையும் ஜோடியும்

ஜோடியோடு வந்தால்தான் சேர்ப்பார்கள் என்பது சரியல்ல. பல வட்டங்களில் ஆண்கள் குறைவு, பெண்ணும் பெண்ணும் ஆடுவது அங்கே தினசரிக் காட்சி. பக்கத்து வீட்டம்மாவோடு மட்டுமே முதல் இரண்டு மாதம் ஆடுகிறேன் என்று நடத்துநரிடம் சொல்லிவிடுங்கள். யாருடைய பிடியாவது நெருக்கமாகப் பட்டால், இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொள்ளும் பிடியைக் கேளுங்கள். "ட்ஸ்வைஹாண்ட்ஃபாஸுங், பிட்டெ" என்றால் புரிந்துகொள்வார்கள். பாதியில் தலை சுற்றினால் "மிர் இஸ்ட் ஷ்விண்ட்லிஷ்" என்று சொல்லி நின்றுவிடலாம். வெளிவட்டத்துக்கு நகர்ந்து நில்லுங்கள், நடுக்கூடத்தில் நின்றால் பின்னால் வரும் ஜோடி மோதும்.

கோஹெர்ல்பாலுக்குப் போகலாம், முழுக்க ஆட வேண்டும் என்று இல்லை. ஜூலை மூன்றாம் ஞாயிறு, ஆங்கிலப் பூங்காவின் சீனக் கோபுரத்தடியில் காலை ஆறு மணிக்குத் தொடங்கும். சமையல்காரிகளும் பணிப்பெண்களும் எசமானர் எழும் முன் ஆடிவிட்டு வேலைக்குத் திரும்பிய கூட்டம் அது. 1904இல் தடை போட்டார்கள், 1989இல் திரும்ப வந்தது. பேக்கரியில் விடியலுக்கு முன் வேலை தொடங்கும் உங்களுக்கு ஆறு மணி புதிதல்ல. ஆனால் நெரிசல் கடுமை, சுற்றும் ஆட்டங்களில் முட்டிக்கு முட்டி இடிக்கும். வரிசையாக எதிரெதிர் நின்று ஆடும் 'மியூன்ஷ்னர் ஃப்ரான்சேஸ்' பெரும்பாலும் நடைதான், அதைக் கற்றுக்கொண்டு போங்கள். காலையில் வெறும் வயிற்றில் ஆட வேண்டாம், மாத்திரையை வழக்கமான நேரத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கணவரை ஆட வரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை உங்களைக் கொண்டுபோய் விட வருபவரை, அவுஃப்டான்ஸுக்கு மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடக்கச் சொல்லுங்கள். அவர் எந்த ஷூ போட்டிருந்தாலும் பரவாயில்லை, அதில் சுழல்வது இல்லை.